சாவி கைமாறும் நேரம்: பழுதுபார்த்த கார் மறுபடி நின்றால் பொறுப்பு யாருடையது?

1. கேள்வி

சேத்தியாத்தோப்புக்கு அருகிலுள்ள வளையமாதேவியின் பெயரை வெளியூர்க்காரர்கள் பலர் முதன்முதலாகக் கேட்டது 2023 ஜூலையில். நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாயை வெட்ட, பயிர் நின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டுவிட்டது என்றது நிறுவனம். இத்தனை வருடமும் உழுது விதைத்தது நாங்கள்தானே என்றார்கள் விவசாயிகள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரும்படி உத்தரவானது. அந்த வழக்கு இக்கட்டுரையின் பொருளன்று. அதற்கு அடியில் கிடந்த கேள்வி மட்டும் இங்கே வேண்டும்: ஒரு பொருள் ஏட்டில் ஒருவருடையதாகவும் கையில் இன்னொருவருடையதாகவும் இருக்கும் இடைக்காலத்தில் அதற்கு ஒன்று நேர்ந்தால் யார் பதில் சொல்வது?

இந்தக் கேள்வியின் அன்றாட வடிவத்தை, விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்துப் பட்டறைகளில் பார்க்கலாம். கார் ஒருவர் பெயரில் இருக்கும். மூன்று நாள் மெக்கானிக்கின் கையில் இருக்கும். திரும்பி வந்த பத்தாம் நாள் நடுவழியில் நின்றுவிடும். "நீங்க கை வச்ச பிறகுதான் இப்படி ஆச்சு" என்பார் உரிமையாளர். "நான் செஞ்ச வேலை வேற, இப்போ போயிருக்கிறது வேற" என்பார் மெக்கானிக். இருவருமே பொய் சொல்லாமல் இருக்கலாம். தகராறு தீராமல் நீள்வதற்கு அதுவே முதல் காரணம்.

இத்தகைய தகராறுகளில் பொறுப்பு எப்படி நிர்ணயிக்கப்படுகிறது, எப்படி நிர்ணயிக்கப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. யார் தவறு செய்தார் என்பதைத் தேடிப் போகும் விசாரணை, பெரும்பாலும் யாரிடம் என்ன பதிவு இருக்கிறது என்பதில் போய் முடிகிறது. ஆகவே, பதிவு வைக்கும் கடமை யாருக்கு என்பதை முதலில் தீர்க்காமல், நிரூபிக்கும் கடமை யாருக்கு என்பதை நியாயமாகத் தீர்க்க முடியாது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

2. இதுவரையிலான மூன்று நிலைப்பாடுகள்

முதல் நிலைப்பாடு, கைவைத்தவரே பொறுப்பு என்பது. இது மிகப் பழையது. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் நான்காம் அதிகரணத்தின் தொடக்கத்திலேயே கைவினைஞரிடமிருந்து மக்களைக் காக்கும் விதிகளைப் பேசுகிறது. சொன்ன வேலையை வேறுவிதமாகச் செய்தவர் கூலியை இழப்பதோடு அதைப்போல் இருமடங்கு தண்டமும் கட்ட வேண்டும் என்பது அங்குள்ள விதி. ரோமானியச் சட்டமும் திறமையின்மையைத் தவறாகவே எண்ணியது. தெரியாத வேலையை ஏற்றுக்கொள்வதே குற்றம் என்பது அதன் தர்க்கம். கார் உரிமையாளரின் கோபத்துக்குப் பின்னால் இருப்பதும் இந்தத் தர்க்கம்தான். ஆனால் நெய்த துணியின் அகலம் குறைவா என்பதை முழம் போட்டுப் பார்த்துவிடலாம். ஆயிரக்கணக்கான பாகங்கள் ஒன்றையொன்று சார்ந்து ஓடும் ஒரு காரில், பழுதுபார்த்த பிறகு நேர்ந்தது எல்லாம் பழுதுபார்த்ததால் நேர்ந்தது ஆகிவிடாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுவதும் உண்டு.

இரண்டாம் நிலைப்பாடு, குற்றம் சாட்டுபவரே நிரூபிக்க வேண்டும் என்பது. இந்தியாவின் நுகர்வோர் சட்டத்தில் இன்று ஓங்கி நிற்பது இது. சேவையில் குறைபாடு இருந்தது என்பதைக் காட்டும் சுமை புகார்தாரருடையது என்று ரவ்னீத் சிங் பக்கா வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் 2021இல் அதை மீண்டும் உறுதிசெய்தது. வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து ஒரு தொழிலாளியைத் தண்டிக்க முடியாது என்பது இதிலுள்ள நியாயம். திறக்கப்பட்ட என்ஜினுக்குள் என்ன நடந்தது என்பதைப் பார்த்திராத ஒருவரிடம் அதை நிரூபிக்கச் சொல்வது இதிலுள்ள அநியாயம்.

மூன்றாம் நிலைப்பாடு, தெரிந்தவரே விளக்க வேண்டும் என்பது. 1863இல் லிவர்பூலில் ஒரு கிடங்கின் மாடியிலிருந்து மாவுப் பீப்பாய் ஒன்று தெருவில் போனவர் மேல் விழுந்தது. பீப்பாய் தானாக விழாது, ஆகவே விழுந்த விதத்தைக் கிடங்குக்காரரே விளக்கட்டும் என்றது நீதிமன்றம். நிகழ்ச்சி தானே பேசும் என்ற கோட்பாடு இந்த வழக்கை ஒட்டித்தான் சட்டத்தில் வேரூன்றியது. நம் நாட்டின் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவும் இதற்கு உறவுதான். ஒருவருக்கு மட்டுமே சிறப்பாகத் தெரிந்த உண்மையை நிரூபிக்கும் சுமை அவருடையது என்கிறது அது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அது 109ஆம் பிரிவாக இருக்கிறது. நுகர்வோர் ஆணையங்களில் விசாரணை சுருக்கமுறையானது. சாட்சியச் சட்டம் அங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்துவதில்லை. ஆயினும் அதிலுள்ள நியாய உணர்வை வெளியே நிறுத்திவிட வேண்டியதில்லை.

இம்மூன்றும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றினாலும், ஒவ்வொன்றும் வேறுவேறு வகைப் பழுதை மனத்தில் கொண்டு பேசுகிறது. அந்த வேறுபாட்டைப் பார்க்கச் சட்டப் புத்தகத்தை விட்டு என்ஜினுக்குள் போக வேண்டும். அதற்கு முன் சட்டம் போட்டுவைத்திருக்கும் கட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

3. சட்டம் வரைந்திருக்கும் கட்டம்

காரைப் பட்டறையில் விட்டுச் சாவியைக் கொடுப்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148ஆம் பிரிவு சொல்லும் ஒப்படைப்பு. ஒரு நோக்கத்துக்காகப் பொருள் கொடுக்கப்படுகிறது. நோக்கம் நிறைவேறியதும் திரும்பி வர வேண்டும். வாங்கிக்கொண்டவர், தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகி எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அந்த அளவு கவனத்தோடு அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. அதே சட்டத்தின் 170ஆம் பிரிவு பட்டறைக்காரருக்கும் ஓர் உரிமை தருகிறது. உழைப்போ திறமையோ செலுத்திய வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் நிறுத்திவைக்கலாம். இது அந்த வேலைக்குரிய கூலிக்கு மட்டும். போன வருடத்துப் பாக்கிக்காக இன்றைக்கு வந்த வண்டியைப் பிடித்து வைப்பதற்கு இப்பிரிவில் இடமில்லை.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதன்மேல் இன்னொரு அடுக்கைக் கட்டியது. வேலையின் தரத்திலோ தன்மையிலோ செய்முறையிலோ உள்ள குறையெல்லாம் சேவைக் குறைபாடு என்கிறது 2(11) பிரிவு. கூடவே, தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் குறைபாட்டில் சேர்க்கிறது. இந்த இரண்டாவது பகுதிக்குப் பின்னர் திரும்புவோம். ஒரு பொருளுக்குச் சேவை செய்பவர் என்ற வகையில் மெக்கானிக்கின் பொறுப்பை 85ஆம் பிரிவு தனியே பேசுகிறது. ஆனால் அது பேசும் தீங்கில், பழுதான பொருளுக்கே நேர்ந்த கேடு சேராது. பிரேக் வேலை முடிந்து வந்த கார் பிரேக் பிடிக்காமல் ஒருவர்மேல் ஏறினால் 85ஆம் பிரிவு பேசும். என்ஜின் வேலை முடிந்து வந்த கார் என்ஜினைத்தான் இழந்தது என்றால், வழி சேவைக் குறைபாடு. வழக்குப் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் அடிக்கடி குழப்பிக்கொள்வதுண்டு.

வாடகைக்கு ஓடும் கார் என்றால் வணிக நோக்கம் என்று சொல்லிப் புகாரைத் தள்ள முடியுமா? நெய்வேலி போன்ற ஊரில் இது ஏட்டுக் கேள்வியன்று. கடன் வாங்கிக் கார் எடுத்து, தானே ஓட்டிப் பிழைப்பவர்கள் இங்கே உண்டு. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பிழைப்புக்காகத் தானே ஆட்டோ ஓட்டுபவர் நுகர்வோர்தான். ஆள் வைத்துப் பல வண்டிகள் ஓட்டுபவரின் நிலை வேறு.

எங்கே புகார் கொடுப்பது என்பதில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பெரிய மாற்றம் செய்தது. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். வளையமாதேவிக்காரர் தன் காரைப் புதுச்சேரியிலுள்ள சர்வீஸ் சென்டரில் விட்டிருந்தாலும் கடலூர் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பழுதுபார்ப்புத் தகராறுகள் ஏறக்குறைய எல்லாமே இந்த வரம்புக்குள் அடங்கும். காலவரம்பு இரண்டு ஆண்டு. கதவு அகலமாகத் திறந்துதான் இருக்கிறது. உள்ளே போனவர் கையில் என்ன கொண்டுபோகிறார் என்பதில்தான் சிக்கல்.

4. ஒரு என்ஜின், ஐந்து காரணங்கள்

இனி ஒரு மாதிரி வழக்கை அமைத்துக்கொள்வோம். நடந்த நிகழ்ச்சி ஒன்றின் பதிவன்று இது; காரணங்களைப் பிரித்துப் பார்க்க வசதியாக அமைத்துக்கொண்டது. எட்டு வயதான டீசல் கார், விருத்தாசலம் போகும் வழியில் ஆவி கக்கி நிற்கிறது. பட்டறையில் பார்த்து, ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்கிறார்கள். ஹெட்டைக் கழற்றி, லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் செய்து, புது கேஸ்கட் போட்டு, கூலன்ட் நிரப்பித் தருகிறார்கள். பன்னிரண்டாம் நாள் சிதம்பரம் சாலையில் மறுபடி சூடேறி என்ஜின் பிடித்துக்கொள்கிறது.

கேஸ்கட் என்பது என்ஜின் பிளாக்குக்கும் மேலே உட்காரும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய தகடு. ஒரு பக்கம் எரியும் வாயுவின் அழுத்தம், இன்னொரு பக்கம் குளிர்விக்கும் நீர், மற்றொரு பக்கம் எண்ணெய். மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது அதன் வேலை. அது மறுபடி போனதற்குக் குறைந்தது ஐந்து காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, ஹெட் சமதளமாக இல்லை. அலுமினிய ஹெட் ஒருமுறை அதிகமாகச் சூடேறினால் வளைந்துவிடும். நேர்ப்பட்டையை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். சில என்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர் வளைவே எல்லை. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் பிடிபடாது. இரண்டு, போல்ட். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, படிப்படியாக, டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பல புதிய என்ஜின்களில் ஒருமுறை இறுக்கிய போல்ட் நீண்டுவிடுவதால் திரும்பப் போடக் கூடாது. மூன்று, மூலக் காரணத்தையே தொடாமல் விட்டது. ரேடியேட்டர் அடைத்திருந்தாலோ தெர்மோஸ்டாட் திறக்காமல் நின்றிருந்தாலோ, கேஸ்கட் போனது விளைவுதான். விளைவை மட்டும் மாற்றினால் காரணம் மறுபடி தன் வேலையைக் காட்டும். நான்கு, முற்றிலும் புதிய பழுது. ஒரு ஹோஸ் வெடித்திருக்கலாம். விசிறி மோட்டார் நின்றிருக்கலாம். தெறித்த கல் ரேடியேட்டரைக் கிழித்திருக்கலாம். ஐந்து, ஓட்டியவர். முள் சிவப்பைத் தொட்ட பிறகும் "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டியிருக்கலாம்.

இந்த ஐந்தில் முதல் இரண்டு வேலைப்பிழை. இவற்றில் பட்டறையின் பொறுப்பு தெளிவானது. லேத் வேலையை வெளியே கொடுத்து வாங்கினாலும், வாடிக்கையாளர் ஒப்பந்தம் செய்தது பட்டறையோடுதான். லேத்காரரிடம் கணக்குத் தீர்த்துக்கொள்வது பட்டறையின் பாடு. நான்காவதில் பட்டறைக்குப் பொறுப்பு இல்லை. ஐந்தாவதில் உரிமையாளருக்கும் பங்கு உண்டு. இழப்பைக் குறைத்துக்கொள்ளத் தன் கையிலிருந்த வழியை ஒருவர் பயன்படுத்தினாரா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. கேஸ்கட் போனதற்குப் பட்டறை பொறுப்பாக இருந்து, என்ஜின் பிடித்துக்கொண்டதற்கு ஓட்டியவர் பொறுப்பாவதும் நடக்கக்கூடியதே.

மூன்றாவதுதான் சிக்கலானது. அது கை செய்த பிழையன்று, கணிப்பில் நேர்ந்தது. பட்டறையில் இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கலாம். "ரேடியேட்டரையும் கழட்டிப் பாக்கணும் சார், அடைச்சிருக்கும் போல." "இப்போதைக்கு இத மட்டும் பாருங்க தம்பி, கையில காசு இல்ல." இந்தப் பேச்சு நடந்திருந்தால் பொறுப்பு பெரும்பாலும் உரிமையாளர் பக்கம் சாயும். நடக்கவில்லையென்றால், தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்ட குறை பட்டறையுடையது. தெரிந்தே மறைத்ததாகத் தெரியவந்தால் 2(11) பிரிவே அதைக் குறைபாடு என்கிறது. இரண்டு வரிப் பேச்சு வழக்கின் தலையெழுத்தையே மாற்றுகிறது. அதற்குச் சாட்சி இல்லை.

5. தடயம் எங்கே போகிறது?

ஐந்து காரணங்களும் வேறுவேறு தடயம் விட்டுச் செல்கின்றன. எந்த இரண்டு சிலிண்டருக்கு நடுவில் கேஸ்கட் எரிந்தது, போல்ட் நீண்டிருக்கிறதா, எண்ணெய் மோர் போல வெளுத்திருக்கிறதா, ரேடியேட்டருக்குள் எவ்வளவு படிவு இருக்கிறது என்றெல்லாம் பார்த்து, நல்ல மெக்கானிக் ஒருவர் காரணத்தை நெருங்கிவிட முடியும். ஆனால் கார் நின்றதும் நடப்பது வேறு. பழைய பட்டறைமேல் கோபத்தோடு, காரை இன்னொரு பட்டறைக்கு இழுத்துப் போகிறார் உரிமையாளர். அங்கே ஹெட்டைக் கழற்றுகிறார்கள். கேஸ்கட் பழைய இரும்புக் கூடைக்குப் போகிறது. புதிய மெக்கானிக், "யாரு சார் இந்த வேலை செஞ்சது?" என்று உதட்டைப் பிதுக்குகிறார். கார் ஓடத் தொடங்குகிறது. அந்த நிமிடத்தோடு வழக்கின் முக்கியச் சாட்சி அழிந்துவிடுகிறது. இரண்டாவது ரிப்பேரே முதல் ரிப்பேரின் தடயத்தைத் துடைத்துவிடும் இந்த விசித்திரம், மற்ற நுகர்வோர் தகராறுகளில் இவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை.

சட்டமும் இங்கே முழுத்துணை வருவதில்லை. ஒரு பொருளில் குறை இருக்கிறது, சோதிக்காமல் தெரியாது என்றால், அதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி 45 நாளில் அறிக்கை பெறும் முறையை 38(2) பிரிவு வகுத்திருக்கிறது. அது பொருள் பற்றிய புகாருக்கு. சேவை பற்றிய புகாரை இரு தரப்பும் தரும் சான்றுகளை வைத்துத் தீர்ப்பது அடுத்த உட்பிரிவின் வழி. ஆணையம் விரும்பினால் வல்லுநரின் அறிக்கை பெறலாம். அதற்கு அதிகாரம் உண்டு. புகார்தாரர் கேட்டுப் பெற வேண்டும். 2010இல் ஃபியட் கார் ஒன்றின் என்ஜின் சத்தம் பற்றிய அனந்தராம் வழக்கில், இரு தரப்பையும் சாராத தொழில்நுட்ப வல்லுநர் ஒருவர் காரைச் சோதித்துச் சான்று தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே பணித்தது. கடலூர் மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் கிடைக்காமல் போக மாட்டார்கள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் புலம் இருக்கிறது. குறை ஆளில் இல்லை. வல்லுநர் வரும்வரை என்ஜினைத் திறக்காமல் வைத்திருக்கும் பொறுமைதான் அரிது. காரை நம்பிப் பிழைப்பவருக்கு அந்தப் பொறுமை ஒரு சொகுசு.

நிரூபிக்கும் சுமையைப் புகார்தாரர்மேல் முழுதாக ஏற்றுவது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2022இல் வந்த ஹூண்டாய் எதிர் சைலேந்திர பட்நாகர் தீர்ப்பு ஓர் எல்லை வரைந்தது. விபத்தில் ஏர்பேக் விரியவில்லை. மோதலின் விசை போதவில்லை என்றது நிறுவனம். வேகத்தையும் விசையையும் கணக்கிட்டு மோதலை அளக்கும் இயற்பியல் வல்லுநராக நுகர்வோர் இருக்க வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். இது உற்பத்தியாளருக்கு எதிரான வழக்கு. பட்டறைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் பொதுவான பாடம் ஒன்று உண்டு. சாதாரண மனிதர் காட்டக்கூடியதைக் காட்டிவிட்டால், அதற்குமேல் விளக்கும் சுமை தொழில் தெரிந்தவர் பக்கம் நகர வேண்டும்.

மருத்துவத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். மருத்துவரின் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் சாந்தா வழக்கில் தீர்ப்பானது. ஆயினும் சிகிச்சை பலிக்கவில்லை என்பதாலேயே மருத்துவர் கவனக்குறைவாக இருந்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கு எச்சரித்தது. மெக்கானிக்குகளும் இதே பாதுகாப்பைக் கேட்கலாம். கேட்பதில் நியாயமும் உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. உடம்பு தன் போக்கில் மாறும், முன்னறிய முடியாது. ஹெட்டின் வளைவை மில்லிமீட்டரில் அளக்கலாம். போல்ட்டின் இறுக்கத்தை எண்ணில் சொல்லலாம். அளக்கக்கூடிய இடத்தில் அளவு எழுதப்படவில்லை என்றால், அந்த மௌனத்தின் விலையை வாடிக்கையாளர் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

6. பட்டறையின் பக்கத்திலிருந்து

இதுவரை சொன்னது பட்டறையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது போலத் தோன்றலாம். படம் முழுமையாக வேண்டுமென்றால் அங்கே நின்றும் பார்க்க வேண்டும். சாலையோரத் தனிப்பட்டறை அசல் உதிரிபாகத்தையும் சரியான பழுதறி கருவியையும் விரும்பினாலும் எளிதில் பெற முடியாத நிலை நெடுங்காலம் இருந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்குமேல் அபராதம் விதித்த தீர்ப்பில் இதுவே மையம். உதிரிபாகங்களையும் கருவிகளையும் தங்கள் அங்கீகாரம் பெற்ற மையங்களுக்குள்ளேயே அடக்கிவைத்தது, வெளியே வேலை பார்த்தால் வாரண்டி போய்விடும் என்று வாடிக்கையாளரை அச்சுறுத்தியது ஆகியவை போட்டிக்கு எதிரானவை என்றது ஆணையம். அபராதத்தை எதிர்த்து நிறுவனங்கள் வழக்காடின என்பது வேறு கதை. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியதும் இந்தப் பின்னணியில்தான்.

மெக்கானிக்குக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. வாடிக்கையாளரே ஸ்பேரை வாங்கி வந்து கையில் கொடுக்கிறார். விலை குறைந்த டூப்ளிகேட் அது. போடமாட்டேன் என்றால் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார். போட்டால் பெயர் கெடும். பில் போட்டால் வரி ஏறுகிறது, பில் வேண்டாம் என்பவரும் பல நேரங்களில் வாடிக்கையாளரே. பிறகு தகராறு வரும்போது, பில் இல்லாத வேலைக்கு அதே வாடிக்கையாளர் சான்று தேடுகிறார். பில் தராமல் விடுவதை நியாயமற்ற வணிக முறைகளில் ஒன்றாக நுகர்வோர் சட்டம் வைத்திருக்கிறது. ஆனால் வேண்டாம் என்று சொன்னவர் வாங்கிய சலுகையைச் சட்டம் கணக்கில் எழுதுவதில்லை.

அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் என்றால் எல்லாம் தெளிவு என்றும் சொல்ல முடியாது. அங்கே ஜாப் கார்டு உண்டு, பில் உண்டு; பொறுப்பு மட்டும் கம்பெனிக்கும் டீலருக்கும் நடுவே தொங்கும். டாடா மோட்டார்ஸ் எதிர் அந்தோனியோ பாவ்லோ வாஸ் வழக்கில், 2021இல், டீலரும் உற்பத்தியாளரும் தனித்தனி வணிகர்களாக ஒப்பந்தம் செய்திருந்தால் டீலரின் தவறு தானாகவே உற்பத்தியாளர் தலையில் ஏறாது என்றது உச்ச நீதிமன்றம். பெயர்ப்பலகையில் கம்பெனி இருக்கும். பழுதுபார்த்த கை டீலருடையது. புகாரில் இருவரையும் சேர்த்தாலும், வேலைப்பிழைக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் டீலரே. என்ன கிடைக்கும் என்பதிலும் அளவு உண்டு. பாகத்தை மாற்றித் தரும் வாரண்டியை வைத்துப் புதிய காரையே கேட்க முடியாது என்று 2006இல் மாருதி எதிர் கப்கோத்ரா வழக்கு காட்டியது.

7. பதிவு என்னும் கடமை

இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், தகராறின் மையம் ஓர் இடத்தில் குவிகிறது: சாவி இரண்டு முறை கைமாறும் நேரம். உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது ஒருமுறை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 1971இலேயே இதைச் சட்டமாக்கியது. வேலையைத் தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், சரியாகச் செய்யாத வேலையைச் செய்தவரே தன் செலவில் மறுபடி செய்து தர வேண்டும் என்று கேட்கும் உரிமையைத் தருகிறது. தடயம் அழியாமல் இருக்க இரண்டாவது வழி பெரிதும் உதவும். கார் முதலில் அதே பட்டறைக்குத் திரும்பினால், என்ஜினை இரு தரப்பும் சேர்ந்து திறக்க முடியும்.

தமிழ்நாட்டின் சாலையோரப் பட்டறைக்கு இவ்வளவு விரிவான விதிகள் தாங்காது என்பது நியாயமான எதிர்வாதம். ஒரு கணினியும் இல்லாத இடத்தில் ஜாப் கார்டு எழுதச் சொல்வது காகிதத்தோடு நின்றுவிடும் யோசனையாகவே போகலாம். ஆனால் வேண்டியது மிகக் குறைவு. கார் வந்தபோது என்ன புகார் சொல்லப்பட்டது, என்ன பார்க்கச் சொல்லப்பட்டது, எது வேண்டாம் என்று விடப்பட்டது: மூன்று வரி. மெக்கானிக்கின் கையிலேயே உள்ள செல்போனில் எடுத்த இரண்டு படம், நேர்ப்பட்டை வைத்த ஹெட்டும் கழற்றிய கேஸ்கட்டும். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்பினால் தேதியும் நேரமும் தானே பதிவாகிவிடும். "ரேடியேட்டர் அடைப்பு இருக்கிறது, பார்க்க வேண்டாம் என்றார்கள்" என்ற ஒரு வரிச் செய்தி, பிறகு வரும் பன்னிரண்டாம் நாளில் மெக்கானிக்கைக் காப்பாற்றும். அதே வரி இல்லாமை அவரைச் சிக்கவைக்கும். பதிவு என்பது பட்டறைக்கு விதிக்கப்படும் தண்டனை என்று நினைப்பது தவறு. நேர்மையான மெக்கானிக்கின் கையிலுள்ள ஒரே கேடயம் அது.

உரிமையாளருக்கும் இதற்கு இணையான கடமை உண்டு. கார் மறுபடி நின்றால் வேறு யாரும் கைவைக்கும் முன் முதல் பட்டறைக்கு எழுத்தில் தெரிவிப்பது, அவர்களைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வது, வராவிட்டால் அதையும் பதிந்துகொண்டு இரண்டாவது பட்டறையில் திறக்கும்போது ஒவ்வொரு படியையும் படமெடுப்பது, கழற்றிய பாகங்களைக் கட்டி வைத்துக்கொள்வது. முள் சிவப்பைத் தொட்டதும் ஓரங்கட்டி நிறுத்துவது இவை எல்லாவற்றுக்கும் முந்தியது.

8. முடிவு

கைவைத்தவரே பொறுப்பு என்ற பழைய உணர்வு காரணத்தைத் தேடாமல் தீர்ப்புக்குத் தாவுகிறது. சாட்டுபவரே நிரூபிக்கட்டும் என்ற நடப்பு விதி, பார்த்திராதவரிடம் பார்த்ததைக் கேட்கிறது. தெரிந்தவரே விளக்கட்டும் என்ற மூன்றாவது வழி நியாயத்துக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் தெரிந்தவருக்குப் பதிவு வைக்கும் கடமை இல்லாதபோது அதுவும் வாய்ச்சண்டையில்தான் முடியும். எனவே ஆணையங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. காரை எந்த நிலையில் கொடுத்தேன், என்ன வேலை கேட்டேன், எத்தனை நாளில் எந்தப் பழுது வந்தது என்பதைப் புகார்தாரர் காட்டிவிட்டால், அந்தப் பழுது செய்த வேலையோடு தொடர்புடையதாக இருக்கும்பட்சத்தில், விளக்கும் சுமையைப் பட்டறைமேல் நகர்த்தலாம். பதிவு வைத்திருக்கும் பட்டறை அந்தச் சுமையை இரண்டு படத்தில் இறக்கிவிடும். வைத்திராத பட்டறை அடுத்த காரிலிருந்தாவது வைக்கத் தொடங்கும்.

வளையமாதேவி வயலில் நின்ற பயிருக்கு, யார் நிலம் என்ற பெரிய வழக்கு தீர்வதற்கு முன்பே, ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்ல முடிந்தது. காரணம், பயிர் கண்ணெதிரே நின்றது. ஏக்கரை அளக்க முடிந்தது. பட்டறையில் நின்ற காரின் உள்ளே எதுவும் கண்ணெதிரே நிற்பதில்லை. அதைக் கண்ணெதிரே கொண்டுவரும் வேலை, சாவியை வாங்கிக்கொண்டவருடையது.